பில் இல்லாத டிவி, ரசீது தராத கேபிள்: கடலூர் வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் அவர், கணவர், 82 வயது மாமியார் என்று மூன்று பேர். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். போன வருடம் தீபாவளிக்கு முன்பு, பாண்டியில் வாங்கினால் விலை குறையும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டுப் புதுச்சேரி போய் ஒரு கடையில் 55 இஞ்ச் ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறார்கள். பில் போட்டால் 52,000, வேண்டாம் என்றால் 48,000 என்று கடைக்காரர் சொல்ல, இவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். 20,000 ரூபாயை மகன் ஜிபேயில் அனுப்பினார், மீதி ரொக்கம். கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டும் டிவியோடு வந்த வாரன்டி கார்டும்தான். எட்டாவது மாதம் திரையின் இடதுபக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "பேனல் போயிடுச்சும்மா, பிசிகல் டேமேஜ், வாரன்டில வராது, 32,000 ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடையைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கேஸ் போட்டால் வாய்தாவுக்கு வாய்தா புதுச்சேரிக்கு அலையணும், வக்கீல் ஃபீஸே டிவி விலையைத் தாண்டிவிடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

இது போதாதென்று கேபிள் பிரச்சினை வேறு. மாதம் 320 ரூபாய், ரசீது கிடையாது, வேண்டாத சேனலை எடுக்கச் சொன்னால் "பேக்கேஜ் அப்படித்தாம்மா வருது" என்ற பதில். கேபிளையே வெட்டிவிட்டு ஓடிடிக்கு மாறச் சொல்கிறார் மகன். எதிர்வீட்டுப் பையனோ 3,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி தருகிறேன், ஒரு வருடத்துக்கு எல்லா சேனலும் எல்லா ஓடிடியும் வரும் என்கிறான். எதைச் செய்வது, டிவிக்கு நியாயம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அம்மா, முதலில் டிவியைப் பேசிவிடுவோம். அதில்தான் பெரிய பணமும் இருக்கிறது, நாள் கணக்கும் இருக்கிறது.

கடலூர்-புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் போனால் விலை குறையும் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் விற்பனை வரி எவ்வளவு என்று தானே முடிவு செய்த காலம் அது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு டிவி விஷயத்தில் அது முடிந்துபோனது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். கடலூரிலும் அதே 18, புதுச்சேரியிலும் அதே 18. (பெட்ரோலும் இன்னொரு சமாச்சாரமும் ஜிஎஸ்டிக்குள் வராததால் அவற்றுக்கு இன்றும் ஊருக்கு ஊர் விலை மாறும், அது வேறு கதை.) ஆக உங்களுக்குக் குறைந்த 4,000, பாண்டி என்பதால் குறையவில்லை, பில் இல்லை என்பதால் குறைந்தது. அதற்காக உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பில் இல்லாததால் நம் உரிமையே போய்விட்டது என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர் நுகர்வோர். அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அதனால் மகன் கொடுத்த 20,000 எந்தச் சிக்கலையும் உண்டாக்காது. பில் என்பது வாங்கியதற்கான சாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான். இன்னும் ஒன்று: விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. நீங்கள் தலையாட்டியதால் கடைக்காரரின் கடமை மறைந்துவிடாது. ஆனால் உங்கள் வேலை கொஞ்சம் கூடிவிட்டது, அதையும் மறைக்க விரும்பவில்லை. பில் இருந்திருந்தால் ஒரே காகிதத்தில் முடிந்திருக்கும், இப்போது நாலைந்து காகிதத்தை ஒன்றாகக் கோக்க வேண்டும்.

பில்லுக்குப் பதிலாக என்ன சேர்ப்பது

எஸ்டிமேட் சீட்டைத் தேடி எடுத்து முதலில் நகல் எடுத்துவையுங்கள், சில கடைகளில் தருகிற சீட்டில் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும். அதில் கடையின் பெயரோ போன் நம்பரோ மாடல் நம்பரோ ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். வாரன்டி கார்டில் கடை முத்திரை இருக்கிறதா பாருங்கள். மகனை அவருடைய வங்கி ஸ்டேட்மென்டில் அந்த 20,000 போன வரியை எடுக்கச் சொல்லுங்கள். யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று அதில் தெரியும். கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அசல் செய்தி போனில் அழியாமல் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட பலமான ஒரு சாட்சி உங்களிடம் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. டிவியைச் சுவரில் மாட்டக் கம்பெனி ஆள் வந்தார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் சும்மா வந்திருக்க மாட்டார். உங்கள் போன் நம்பரையும் டிவியின் சீரியல் நம்பரையும் போட்டு ஒரு வேலைப் பதிவு திறந்துதான் வந்திருப்பார். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு அந்தப் பதிவின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில் வாங்குங்கள். டிவி எந்தத் தேதியிலிருந்து உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதைக் கம்பெனியின் பதிவே சொல்லிவிடும். அந்த சீரியல் நம்பர் எந்த விற்பனையாளருக்குப் போனது என்பதும் அவர்கள் கணக்கில் இருக்கும்; வழக்கு வந்தால் அதைக் காட்டச் சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம்.

கடைக்காரரிடமும் பில்லை எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்பதே ஒரு சாட்சி. ஒருவேளை பயந்துபோய் வேறு யாருக்கோ போட்ட பில்லைத் திருத்திக் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். சீரியல் நம்பர் ஒத்துப்போகாத பில் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

‘பிசிகல் டேமேஜ்’ என்று வாயால் சொன்னால் போதாது

சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எழுதித் தரவில்லை என்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர் பார்த்ததை எழுதிய ஜாப் ஷீட்டும், எந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று காட்டும் போட்டோவும் கேளுங்கள். அடிபட்ட பேனலுக்கு ஒரு முகம் உண்டு: ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல் கிளம்பும், சுற்றி மை கொட்டியது போலக் கறுப்பு பரவும். விரிசலே இல்லாமல் மேலிருந்து கீழாக நேராக ஓடும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் பேனலின் ஓரத்தில் இருக்கிற இணைப்பு விட்டுப்போவதால் வருவது. எதுவாக இருந்தாலும் நாமே தீர்ப்பு எழுத வேண்டாம், ஆதாரம் எடுத்துவைப்போம். இரவில் டிவியை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இடது ஓரம் முழுக்க வீடியோ எடுங்கள். விரிசல் இருந்தால் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். இல்லை என்றால் இல்லாததும் தெரியும். அப்புறம் டிவியைப் போட்டு, கோடு தெரிய ஒரு வீடியோ.

தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பின்பக்கம் திறக்க மட்டும் விடாதீர்கள். திறந்தால் அந்தக் காரணத்தையே சொல்லி வாரன்டியை மறுப்பார்கள். டிவியை வழக்கம்போலப் பார்க்கலாம், பார்ப்பதால் உரிமை எதுவும் போகாது. வாரன்டி கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் ஒருமுறை படியுங்கள். மின்னழுத்தம் கூடியது, பல்லி பூச்சி உள்ளே போனது, உப்புக்காற்றில் துரு ஏறியது என்றெல்லாம் விலக்குப் பட்டியல் இருக்கக்கூடும். கடற்கரை ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்த உப்புக்காற்று வரி முக்கியம். ‘அடிபட்டது’ என்ற வாதம் எடுபடவில்லை என்றால் அடுத்து அதைத்தான் எடுப்பார்கள்.

கேஸ் கடலூரிலேயே போடலாம்

உங்களைப் பயமுறுத்தியவர்கள் பழைய சட்டத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த இந்த 2019 சட்டத்தில், புகார்தாரர் குடியிருக்கிற ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் கம்பெனி எங்கே இருந்தாலும் கடலூர் ஆணையத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை (நான் சொல்வதால் சக வக்கீல்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்), நாற்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய உங்களுக்கு நடந்ததை வரிசையாக எழுதத் தெரியாதா என்ன. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வீடியோ மூலம் ஆஜராக அனுமதியும் கேட்கலாம். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடை, கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒன்றை விட்டால், சேர்த்த ஒன்று விட்டுப்போனதைக் கை காட்டும். உள்ளே என்ன கோளாறு என்பதில் சண்டை வந்தால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதனால் மனு போடுவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதியுங்கள். தமிழில் பேசலாம், செலவில்லை. அவர்கள் கோர்ட் இல்லை, யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஆனால் புகார் கம்பெனிக்குப் போகும்போது சர்வீஸ் ஆளின் வாய்வார்த்தையைத் தாண்டி மேலே இருக்கிற ஒருவர் அதைப் பார்ப்பார். பல சமயம் இந்தக் கட்டத்திலேயே "பேனலைப் பாதி விலைக்கு மாற்றித் தருகிறோம்" என்று வருவார்கள். ஏற்பதா வேண்டாமா? 16,000 கொடுத்து, மாற்றிய பேனலுக்குப் புதிதாக ஒரு வருட வாரன்டியை எழுத்தில் தந்தால், உங்கள் வயதில் உங்கள் நிலைமையில் நான் யோசிப்பேன். பேனலுக்குத் தனி வாரன்டி இல்லை என்றால் மறுத்துவிட்டு மனு போடுவேன். முழுசாக 32,000 கொடுத்து மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதோடு கொஞ்சம் போட்டால் பில்லோடு ஒரு 43 இஞ்ச் புது டிவியே வந்துவிடும். பத்தடி ஹாலுக்கு அது தாராளம்.

அந்த 3,500 ரூபாய் பெட்டி

வாங்காதீர்கள். போலீஸ் வந்து உங்கள் மாமியாரைப் பிடித்துப்போகும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பதிப்புரிமைச் சட்டத்தில் பிரதானமாக மாட்டுகிறவர்கள் இதை விற்கிறவர்களும் நடத்துகிறவர்களும்தான். ஆனால் திருட்டு ஒளிபரப்பு என்றைக்கு வேண்டுமானாலும் முடங்கும், முடங்கினால் 3,500-ஐத் திருப்பிக் கேட்க எந்த ஆணையத்துக்கும் போக முடியாது. சட்டவிரோதச் சேவை சரியாக வரவில்லை என்று யாரிடம் புகார் கொடுப்பது?

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏற்றி அனுப்புகிறார்கள், ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரில் இது பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரிக்கையே வெளியிட்டது. நீங்கள் பென்ஷன் கணக்கைப் பார்க்கிற போனும் அந்தப் பெட்டியும் ஒரே வைஃபையில் இருக்கப் போகின்றன. பெட்டி என்ற பொருளே குற்றம் என்று நினைக்க வேண்டாம். உள்ளறையில் இருக்கிற பழைய 32 இஞ்ச் டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால், தெரிந்த கம்பெனியின் ஸ்டிக் ஒன்றைப் பில்லோடு வாங்கிச் செருகினால் அதுவும் ஸ்மார்ட் டிவிதான்.

கேபிளை வெட்டுவதா

இதில் மகன் சொல்வதும் முழுசாகச் சரியில்லை, நீங்கள் நினைப்பதும் முழுசாகச் சரியில்லை. 130 ரூபாய்க்கு 200 சேனல் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவு இருக்கிறதே, அதை மீறலாமா என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு உச்சவரம்பு இருந்தது உண்மை, ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் சொச்சம். 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. நெட்வொர்க் கட்டணம் என்கிற அந்தத் தொகையை இப்போது நிறுவனமே முடிவு செய்யலாம், ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அடுத்து, தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிக்காது. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்தால் காத்திருந்ததுதான் மிச்சம்.

இன்னும் உங்கள் கையில் இருப்பது இவைதான்: வேண்டிய சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கட்டிய பணத்துக்கு ரசீது. கேபிள்காரத் தம்பியோடு சண்டை வேண்டாம், புயலடித்து ஒயர் அறுந்தால் ஏணியோடு வரப்போவது அவர்தான். உங்கள் இணைப்பு எந்த நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமிலிருந்து வருகிறது, அரசு கேபிளா தனியாரா என்று கேளுங்கள். செட்டாப் பாக்ஸில் பதிந்திருக்கிற போன் நம்பர் உங்களுடையதா என்றும் கேளுங்கள். பல வீடுகளில் ஆபரேட்டரின் நம்பர்தான் பதிவாகியிருக்கும், பேக்கேஜை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடிவது அதனால்தான். உங்கள் நம்பரைப் பதியவைத்துவிட்டு, நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் சேனல் மாற்றத்தைக் கேட்டுப் புகார் எண் வாங்குங்கள். பலிக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தில் மேல் புகாரைக் கவனிக்கிற நோடல் அதிகாரி, அப்புறம் அதே நுகர்வோர் ஆணையம். பொறுக்கியெடுத்தால் மலிவாகிவிடும் என்றும் உறுதியாக எண்ண வேண்டாம். தனி விலையைவிட 45 சதவீதம் வரை தள்ளுபடியில் பேக்கேஜ் கொடுக்க அனுமதி இருப்பதால், ஏழெட்டுக் கட்டணச் சேனல் வேண்டும் என்கிற வீட்டில் சின்ன பேக்கேஜே லாபமாக இருக்கும். உங்கள் பட்டியலைப் பார்த்தால் மாமியாருக்கு மூன்று சேனல், உங்கள் வீட்டுக்காரர் சாருக்குச் செய்தியும் கிரிக்கெட்டும். கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓடிடியில் மாமியாரின் சீரியல் எல்லாம் கிடைக்கும், ஆனால் ஒரே இடத்தில் கிடைக்காது. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று மூன்று ஆப், மூன்று சந்தா. 82 வயதில் ரிமோட்டில் நம்பரை அமுக்கிச் சேனல் பிடித்துப் பழகியவரை மூன்று ஆப்புக்குள் அலையவிடுவது சரியாக வராது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் இலவச நேரலையாக வருவதால் சாரின் செய்திக்குத் தனிச் செலவு தேவையில்லை. ஆகவே கேபிளைச் சின்ன பேக்கேஜாகக் குறைத்து வைத்துக்கொண்டு, கிரிக்கெட்டுக்கு ஒரே ஒரு ஓடிடி சந்தா மட்டும் சோதனையாக எடுங்கள். சந்தா போடும்போது, கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிகிற யுபிஐ ஆட்டோபே கேட்கும். கொடுத்தால் அதை எங்கே நிறுத்துவது என்று மகனிடம் அன்றைக்கே காட்டச் சொல்லிக்கொள்ளுங்கள். டிடிஎச் டிஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கனமழையில் சிக்னல் போகும், ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒரு காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. கேபிள் ஓரளவு ஒழுங்காக வருகிற தெருவில் அதற்கு மாற நான் சொல்ல மாட்டேன்.

சத்தம் பத்தவில்லை என்று மாமியார் ஏற்ற, காது வலிக்கிறது என்று சார் குறைக்க, இதற்காக மகன் ஹோம் தியேட்டர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இது சட்டம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: மாமியாருக்கு ஒரு வயர்லெஸ் ஹெட்போன் போதும். ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் ஒரே நேரத்தில் ஒலிக்கிற வசதி உங்கள் டிவியின் சவுண்ட் மெனுவில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், கம்பெனிக்கும் கடைக்கும் போக வேண்டிய கடிதம் மட்டும் இந்த வாரமே போகட்டும். வாங்கிய தேதி, மாடல், சீரியல் நம்பர், கோடு வந்த தேதி, சர்வீஸ் ஆள் வந்த தேதி, அவர் சொன்னது, நீங்கள் கேட்பது (பேனலை இலவசமாக மாற்று, இல்லையென்றால் பணத்தைத் திருப்பு), பதிலுக்கு 15 நாள் அவகாசம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாரன்டி முடிய உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் சொச்சம் இருக்கிறது, புகார் எண் அதற்குள் பதிவாகியிருக்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், மனுவில் எதை முதலில் சொல்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.